பழைய கெப்பை எவ்வளவு பதிக்கலாம்? கொழும்பு றோட்டுக்கு ஒரு கணக்கு

ஸ்ரீ இலக்கத் தகட்டோடு பழைய கெப் (பிக்கப்) ஒன்று கைக்கு வந்தால் பலரும் முதலில் ஓடுவது ரிம் கடைக்கு. அது தலைகீழ் வேலை. சில்லு கடைசியாக வாங்கவேண்டிய சாமான். எந்த வண்டி, முன்பக்கம் கொயிலிலா (சுருள் ஸ்பிரிங்) டோர்ஷன் பாரிலா (முறுகி ஸ்பிரிங்காக வேலைசெய்யும் தண்டு) நிற்கிறது, பின் பட்டை (தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்) அச்சுக்கு மேலே இருக்கிறதா கீழேயா, பிறேக் டிரம்மா டிஸ்க்கா, பதிவுப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் எத்தனை அங்குல ரிம் என்று கேட்பதில் அர்த்தம் உண்டு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்புக்குள் வாரத்தில் பல நாள் ஓடப்போகும் கெப் என்றால் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வரை பதிக்கலாம், அதாவது உயரத்தைக் குறைக்கலாம். பட்டையைக் கழற்றி எறியாமல், வளைவைக் குறைத்துப் பதிக்கவேண்டும். ரிம் 15 அங்குலம். முன்னால் டிஸ்க் பிறேக். காற்றுப் பை சஸ்பென்ஷனுக்கு இரண்டாவது இடம். அதுவும் வண்டியைக் கூரைக்குக் கீழே நிறுத்த வசதியுள்ளவருக்கு. 18 அங்குல ரிம்முக்கு என் பட்டியலில் இடமே இல்லை. ஆசைப்பட்டுக் கேட்பவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி நண்பர்கள் வட்டத்தில் கொஞ்சம் கெட்ட பெயரும் சம்பாதித்தாயிற்று.

படத்தில் இருப்பது வேறு வண்டி

நாம் பார்த்து மயங்கும் வண்டி பெரும்பாலும் செவ்ரோலெட் சி10. 1967 முதல் 1972 வரை வந்த உருவம்தான் எல்லோருக்கும் கண். முன்னாலும் கொயில், பின்னாலும் கொயில். பின் அச்சை இரண்டு நீளமான இரும்புக் கைகள் செசி என்ற அடிச்சட்டத்தின் நடுப்பக்கத்திலிருந்து பிடித்திருக்கும். அமெரிக்க நாஸ்கார் பந்தயக் கார்கள் இதே அமைப்பின் வழிவந்த ஒன்றைப் பல காலம் வைத்திருந்தன என்றால் அது எவ்வளவு நல்ல அமைப்பு என்று புரியும். இப்படியான வண்டியைப் பதிப்பது பெரிய வித்தையில்லை. குட்டைக் கொயிலும், அச்சுமுனை உயர்த்தப்பட்ட ஸ்பிண்டிலும் அங்கே பெட்டியில் போட்டே விற்கிறார்கள்.

அதற்கும் முந்திய 1948 போர்ட் எஃப்-1, செவ்ரோலெட் 3100 போன்றவற்றின் கதை வேறு. முன்னால் குறுக்கே ஒரே இரும்பு அச்சு, அதன் இரு பக்கமும் பட்டை ஸ்பிரிங். அதை முழுதாகக் கழற்றிவிட்டு 1974-78 காலத்து மஸ்டாங் 2 காரின் முன்பக்க அமைப்பை வைத்து ஒட்டுவது அமெரிக்கக் கராஜ்களில் வழமையான வேலை. இன்னும் சிலர் உடலை மட்டும் தூக்கி எஸ்10 பிக்கப்பின் செசியில் உட்காரவைத்துவிடுவார்கள். புதிதாக உருக்கி ஒட்டிய முழுச் செசியையே விற்கும் கடைகளும் அங்கே உண்டு.

இதில் எதுவும் நமக்குச் சரிவராது. சி10 ஏறக்குறைய இரண்டு மீற்றர் அகலம், ஸ்ரியரிங் இடப்பக்கம். அதைக் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் எதிரே ஒரு தண்ணீர் பவுசர் வரும்போது நினைத்துப் பாருங்கள். கொண்டுவருவதும் நடவாத காரியம். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 இல் திரும்பத் திறந்தபோதும் பாவித்த வண்டிக்கு வயதெல்லை இருக்கிறது. அரை நூற்றாண்டு பழைய பிக்கப் அதற்குள் அடங்காது. ஆகவே இங்கே ஏற்கனவே பதிவாகி, எங்கோ ஒரு கராஜின் பின்புறத்தில் தூசு பிடித்து நிற்கும் ஆங்கில, ஜப்பானிய வண்டிகளுக்குள்தான் நம் தெரிவு.

எந்த வண்டியில் தொடங்குவது

மொரிஸ் மைனர் பிக்கப் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அதனாலேயே அதில் கை வைக்கவேண்டாம் என்பது என் கட்சி. 1948 இல் கார் வந்தது, 1953 இல் வானும் பிக்கப்பும் சேர்ந்தன. காருக்கு இல்லாத தனிச் செசி பிக்கப்புக்கு உண்டு. முன்னால் டோர்ஷன் பார், பின்னால் பட்டை. சொக் அப்சோபர் இன்றைய குழாய் வகை அல்ல, எண்ணெய் நிரம்பிய பெட்டியும் கையுமான பழைய வகை. மொரிசின் தகட்டுப் பாகங்களை இங்கே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. இந்த நாட்டுக்கும் அந்த வண்டிக்குமான உறவு அப்படி. அசல் நிலையில் இருக்கும் மொரிஸ் பிக்கப்பின் மதிப்பை அகல ரிம் ஒருநாளும் கூட்டாது. முன்னால் டிஸ்க் பிறேக், நல்ல ரயர், ஒரு குழாய்வழி போனாலும் மற்றது பிடிக்கும் இரண்டு வட்ட பிறேக் மாஸ்ரர் சிலிண்டர். அதோடு கையை எடுத்துவிடுங்கள்.

டட்சன் 1200, சனி டிரக் என்று பலர் சொல்வது, அழகில் எனக்கு முதலிடம். 1971 இல் வந்தது. தென்னாப்பிரிக்காவில் 1400 சிசி எஞ்சினோடு 2008 வரை கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதிலிருந்து அதன் எளிமையும் உழைப்பும் தெரியும். ஆனால் அதற்குத் தனிச் செசி இல்லை. கார் போல உடலே சுமை தாங்கும். முன்னால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் சொக் அப்சோபரும் சேர்ந்த கால்), அதன் மேல்முனை பொனற்றுக்குள் இருக்கும் தகட்டில்தான் பூட்டியிருக்கிறது. வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் இருபது வருடம் நின்ற வண்டி என்றால் அந்தத் தகடும், பின் பட்டை பூட்டும் இடமும் துருப்பிடித்திருக்காது என்று யாரும் சத்தியம் செய்யமுடியாது. ஸ்பிரிங்கை இறுக்கமாக்கிப் பதித்தால் அந்த அடி முழுவதும் இந்தத் தகட்டுக்குத்தான் போகும். வாங்குமுன் ஒரு ஸ்குரூ டிரைவரால் அங்கே குத்திப் பாருங்கள். உள்ளே போனால் விலை பேசாமல் வந்துவிடுங்கள்.

டட்சன் 620 (1972-79) தனிச் செசி வண்டி. முன்னால் டோர்ஷன் பார். அதன் முனையில் இருக்கும் போல்ட்டைத் திருகினால் உயரம் மாறும். புதிய ஸ்பிரிங் வாங்கவோ எதையும் வெட்டவோ தேவையில்லை. டொயோட்டா ஹைலக்ஸின் 1972-78 உருவத்துக்கு முன்னால் கொயில், பின்னால் பட்டை. அதைப் பதிக்க வேறு கொயில் வேண்டும். ஆனால் உதிரிப்பாகம் தேடும் அலைச்சல் குறைவு. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கேட்டால் அதுவே இல்லாவிட்டாலும் அதற்குப் பொருந்துவது எது என்று சொல்லக்கூடியவராவது இருப்பார். 620 க்கு அந்தச் சலுகை குறைவு.

உழைக்கவும் வேண்டும், அழகாகவும் இருக்கவேண்டும் என்றால் ஹைலக்ஸ். ஞாயிறு காலை நீர்கொழும்புவரை போய் வர என்றால் 620. துருவில்லாத உடல் எதில் கிடைக்கிறதோ அது இரண்டையும் வெல்லும், ஏனென்றால் சஸ்பென்ஷனுக்கு ஆகும் பணத்தைவிட டிங்கரிங் வேலை விழுங்கும் பணம் எப்போதும் அதிகம்.

பதிப்பு: பட்டையில் கைவைக்குமுன்

முதலில் வண்டிக்குக் கீழே படுத்துப் பின் அச்சைப் பாருங்கள். பட்டை அச்சுக்குக் கீழே கிடந்தால், இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்புக் கட்டை வைக்கும்போது பட்டை இன்னும் கீழே தள்ளப்படும், வண்டி பதியும். பட்டை அச்சுக்கு மேலே இருந்தால் அதே கட்டை வண்டியைத் தூக்கிவிடும். இருசில்லு இழுவையுள்ள சிறிய ஜப்பான் கெப்களில் பெரும்பாலும் முதல் வகை. நாலுசில்லு இழுவை வண்டிகளில், உதாரணமாக 1979 இல் வந்த ஹைலக்ஸ் 4x4 இல், பட்டை மேலே. இது தெரியாமல் கட்டை வாங்கினவர்களின் கட்டைகள் பஞ்சிகாவத்தையில் இரண்டாம் கையாகக் கிடைக்கின்றன என்று ஒரு பகிடி உண்டு.

கட்டை மலிவு, ஒரு பின்னேரத்தில் முடியும் வேலை. இரண்டு அங்குலம் வரை நான் எதிர்க்கமாட்டேன். ஆனால் கட்டை வார்ப்பிரும்பாகவோ கடைந்த உருக்காகவோ இருக்கவேண்டும். மரத்திலோ, பெட்டி இரும்பை வெட்டி ஒட்டியோ செய்தது ஆகாது. யூ போல்ட் புதிதாக, அந்த அளவுக்கு நீளமாக வேண்டும். கட்டைக்கு மேல் கட்டை வைப்பது தற்கொலை. கட்டை உயர உயர, கியரைப் போட்டு மிதிக்கும்போது அச்சு பட்டையை முறுக்கும் நெம்பும் கூடும். பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்டின் கோணமும் மாறும். 60 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம் தொடங்கினால் காரணம் அதுதான். கோணம் பார்த்து ஆப்பு வைத்துச் சரிக்கட்டவேண்டும்.

இதைவிட நல்ல வழி, பட்டையை ஸ்பிரிங் பட்டறையில் கொடுத்து வளைவைக் குறைத்து வாங்குவது. லொறிக்காரர்கள் புண்ணியத்தில் கிராண்ட்பாஸ் பக்கம் அந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே போனால் முதலில் வரும் ஆலோசனை இப்படி இருக்கும்: “அண்ணே, எதுக்கு வீண் செலவு? ரெண்டு பட்டைய உருவிட்டா தானா பதிஞ்சிரும்.” பதியும், உண்மைதான். ஒரே தடிப்புள்ள ஐந்து பட்டையில் இரண்டை உருவினால் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு விறைப்பும் போய்விடும். மெலிந்த பட்டை மாற்றினாலும் இதே ஆபத்து. பட்டையின் விறைப்பு தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப மாறுவது: 7 மில்லிமீற்றருக்குப் பதில் 6 மில்லிமீற்றர் போட்டால் மிஞ்சுவது 63 வீதம்தான். வெறும் வண்டி சொகுசாக ஆடும். நாலு சீமெந்து மூடை ஏற்றியதும் அச்சு போய்ச் செசியில் முட்டும். ஆகவே பட்டைகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கட்டும், வளைவு மட்டும் குறையட்டும், பட்டைகளுக்கு நடுவே தேயாத அட்டையும் கண்ணிக்குப் புதிய புஷ்ஷும் போடுங்கள். வளைவு குறைந்த பட்டை நீளும் என்பதால் பட்டை முனையைச் செசியோடு இணைக்கும் ஷக்கிளின் கோணத்தையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

எவ்வளவு பதிக்கலாம் என்பதை வண்டியே சொல்லும். அச்சுக்கும் அதற்கு நேர்மேலே செசியிலுள்ள ரப்பர் கட்டைக்கும் இடையே வெறும் வண்டியில் எத்தனை அங்குலம் இருக்கிறது என்று அளவுங்கள். பதித்த பிறகு அதில் பாதியாவது மிஞ்சவேண்டும் என்பது என் கணக்கு. அதற்குக் கீழே போகவேண்டுமென்றால் செசியை அரைவட்டமாக வெட்டி உள்ளே பலப்படுத்தவேண்டும். அமெரிக்காவில் அது வழமை. இங்கே அந்த வெட்டு செசி இலக்கத்துக்குப் பக்கத்தில் விழுந்தால் என்ன கதி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முன்பக்கம் சுருக்கமாக. டோர்ஷன் பார் வண்டியில் போல்ட்டைத் திருகி ஒன்றரை அங்குலம் இறக்கினால் கேம்பர் (சில்லின் சாய்வு), டோ (சில்லு பார்க்கும் திசை) இரண்டும் மாறும், அலைன்மென்ட் கட்டாயம். கொயில் வண்டியில் காஸ் அடித்துச் சுருளைச் சூடாக்கி இறக்குவது இன்றும் நடக்கிறது. உருக்கின் பதம் அந்தச் சூட்டில் போய்விடும், சுருள் நாளாக நாளாக உட்காரும். வெட்டுவதென்றால் குளிர்ந்த நிலையில் வெட்டும் சக்கரத்தால் அரைச் சுருள். வெட்டியதும் ஸ்பிரிங் முன்பைவிட விறைப்பாகும். அதற்கேற்ற சொக் அப்சோபர் போடாவிட்டால் வண்டி தவளைபோலத் துள்ளும்.

இதெல்லாம் இல்லாமல் அசல் உயரத்திலேயே விட்டு, எல்லாப் புஷ்ஷும், போல் ஜொயின்ற்றும், சொக் அப்சோபரும் புதிதாகப் போடுவது என்ற தெரிவும் உண்டு. யாரும் அதைத் தெரிவாகவே எண்ணுவதில்லை. ஐம்பது வருட ரப்பரை மாற்றிய கெப்பை ஓட்டிப் பார்த்த பிறகு பதிக்கும் எண்ணத்தைக் கைவிட்டவர்களை நான் அறிவேன். குறைந்தது முதலில் இதைச் செய்துவிட்டு, அடுத்ததை யோசியுங்கள்.

காற்றுப் பை

நிறுத்தியதும் வண்டி தரையைத் தொடும்வரை உட்காரும். பொத்தானை அழுத்தினால் எழும்பும். ஆசை வராதவர் யார். கொழும்புக்கு அது பொருந்தும் என்று வாதாட உண்மையான காரணமும் இருக்கிறது. வெள்ளவத்தையில் புதிய தொடர்மாடிகளின் நிலக்கீழ்த் தரிப்பிடத்துக்கு இறங்கும் சரிவுகளைப் பாருங்கள். முன் பின் சில்லுகளுக்கு நடுவே 2.5 மீற்றர் இருக்கும் வண்டிக்கு வயிற்றுக்குக் கீழே 180 மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால், ஏறக்குறைய 16 பாகை மடிப்புள்ள மேட்டைத் தட்டாமல் கடக்கும். 50 மில்லிமீற்றர் பதித்தால் அது 12 பாகைக்கு இறங்கிவிடும். சைலன்சர் உரசும் சத்தம் தொடங்குவது அங்கேதான். காற்றுப் பை உள்ளவர் அந்த இடத்தில் உயர்த்திக்கொண்டு போகலாம். பொருள் ஏற்றினாலும் அமுக்கத்தைக் கூட்டி வண்டியை மட்டமாக வைக்கலாம்.

எதிர்ப்பக்கம் நீளமானது. நம் காற்றில் எப்போதும் ஈரம். அதை அமுக்கித் தாங்கியில் அடைத்தால் தண்ணீராகத் திரளும். தாங்கியின் அடியிலுள்ள வடிகால் திருகை அடிக்கடி திறந்துவிடாவிட்டால் துரு வால்வுக்குள் போய், ஒரு காலை வண்டி ஒருபக்கம் சரிந்து நிற்கும். கொம்பிரசர் ஓடும்போது 20 அம்பியருக்கு மேல் இழுப்பது சாதாரணம். மொரிசின் பழைய டைனமோ மொத்தமாகத் தருவதே 22 அம்பியர். அக்கால ஜப்பான் கெப்களின் ஆல்ட்டர்னேற்றரும் இரவு மழையில் விளக்கு, வைப்பர், கொம்பிரசர் மூன்றையும் ஒன்றாகத் தாங்காது. எனவே ஆல்ட்டர்னேற்றர், வயரிங், பற்றரி என்று செலவு பெருகும். தென்மேல் பருவத்தில் தெருவில் நிற்கும் வெள்ளத்துக்குள் இறங்கினால் செசியில் கட்டியிருக்கும் கொம்பிரசர் காற்றோடு தண்ணீரையும் உறிஞ்சும். உள்ளே இழுக்கும் குழாயை மேலே, கபினுக்குள் கொண்டுவந்து வையுங்கள்.

இன்னொன்று, பின் பட்டையை எடுத்துவிட்டுப் பை வைக்கமுடியாது. பட்டை சுமை தாங்குவதோடு நிற்பதில்லை, அச்சை முன்பின் நகராமல் பிடிப்பதும் அதுவே. அதை எடுத்தால் அந்த வேலைக்கு நான்கு கைகள் ஒட்டவேண்டும். அந்த ஒட்டு பிழைத்தால் வேகமாகப் போகையில் பின் அச்சு வண்டிக்குச் சொந்தமில்லாமல் போய்விடும். அந்த வேலையைச் சரியாகச் செய்பவர் இங்கே மிகச் சிலர். கிற்றும் டொலரில்; 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாப் பக்கம் போனதை யாரும் மறக்கவில்லை.

நடுவழி ஒன்று இருக்கிறது, அதை நான் அதிகம் விரும்புகிறேன். பட்டையை மிதமாகப் பதித்து அப்படியே வைத்து, செசிக்கும் அச்சுக்கும் நடுவே சிறிய துணைப் பை. கொம்பிரசரே தேவையில்லை, ரயர் கடையில் காற்று அடிக்கும் குழாயால் நிரப்பலாம். வெறும் வண்டிக்குக் குறைவான அமுக்கம், பொருள் ஏற்றும் நாளில் கூடுதல். பையைத் தவிர வேறெதுவும் கெடாது. அதுவும் கெட்டால் பட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். இடம் போதாத வண்டியில் இதைப் பொருத்த முடியாது என்பது மட்டுமே குறை.

செசி மாற்றுவது, உடலைப் புதிய கெப்பின் செசியில் ஏற்றுவது என்ற யோசனையை ஒரு வரியில் முடிக்கலாம். செசி இலக்கம்தான் சட்டத்தின் கண்ணில் வண்டி. அதை மாற்றினால் உங்களிடம் இருப்பது பதிவில்லாத ஒரு வண்டியும் வண்டியில்லாத ஒரு பதிவுப் புத்தகமும்.

பிறேக், யாரும் பேசாத பாகம்

அகலமான ரயரில் பிடிப்பு கூடும், வேகமும் கூடும். பிறேக் மட்டும் 1970 இலேயே நிற்கும். ஒரே மொடலின் பிந்திய ஆண்டு வண்டியிலிருந்து முன் ஸ்பிண்டில், ஹப், டிஸ்க், காலிப்பர் முழுத் தொகுதியாக எடுத்துப் பொருந்துகிறதா என்று பார்ப்பது முதல் வழி. தெல்கந்தைப் பக்கம் உடைத்து விற்பவர்களிடம் தேடலாம்.

மாஸ்ரர் சிலிண்டர் விடயம் சிக்கலானது. டிரம்முக்கான பழைய சிலிண்டர் குழாயில் சுமார் 10 பிஎஸ்ஐ அமுக்கத்தை மிச்சம் வைத்திருக்கும். அதை அப்படியே டிஸ்க்குக்குக் கொடுத்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும், டிஸ்க் சூடாகும். மொரிசிலும் பழைய அமெரிக்க லொறிகளிலும் சிலிண்டர் தரைக்குக் கீழே, காலிப்பரைவிடத் தாழ்வாக இருப்பதால் எண்ணெய் பின்னோக்கி வடியும், முதல் மிதியில் பிறேக் பிடிக்காது. அதற்கு 2 பிஎஸ்ஐ வால்வு ஒன்று நடுவே வேண்டும். ஒற்றை வட்ட சிலிண்டர் உள்ள வண்டி என்றால் ஒரு குழாய் வெடித்தால் நாலு சில்லிலும் பிறேக் இல்லை. புதிய ரிம் வாங்க வைத்த பணத்தை இங்கே போடுங்கள். டிஸ்க் பொருத்திய பிறகு பழைய 13 அங்குல ரிம் காலிப்பரில் தட்டவும் கூடும். ரிம் கடைசியில் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் காரணம்.

சில்லு

மூன்று அளவுகளைக் கேட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்: போல்ட் வட்டம், ஒஃப்செற் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பூட்டும் முகம் தள்ளியிருக்கும் தூரம்), நடுத்துளை. டட்சன் 1200 க்கு 4x114.3 (நாலு போல்ட், 114.3 மில்லிமீற்றர் வட்டம்), அக்கால இருசில்லு இழுவை ஹைலக்ஸுக்கு 5x114.3, டட்சன் 620 க்கு 6x139.7. கடைசியானது டொயோட்டா கேடிஎச் வான்களின் வட்டமும்கூட. அந்த வான்கள் இங்கே தெருவுக்குத் தெரு நிற்பதால் 15 அங்குல இரும்பு ரிம் கிடைப்பது கஷ்டமில்லை. நடுத்துளையையும் உள்பக்க இடைவெளியையும் அளந்து பார்த்துத்தான் வாங்கவேண்டும்.

114.3 வட்டத்தில் ஐந்து துளை ரிம் ஏராளம். பொறி ஒஃப்செற்றில் இருக்கிறது. முன்சில்லு இழுவைக் கார்களின் ரிம் பெரும்பாலும் 35 முதல் 50 மில்லிமீற்றர் ஒஃப்செற் கொண்டது, பழைய பின்சில்லு இழுவைக் கெப்புக்கு வேண்டியது பூச்சியத்துக்குப் பக்கத்தில். அப்படியே பூட்டினால் ரயர் உள்ளே போய்ப் பட்டையிலோ டை ரொட்டிலோ உரசும். ஸ்பேசர் வைத்து வெளியே தள்ளலாம் என்பார்கள். வைப்பதென்றால் தனியாக ஹப்பில் பூட்டிக்கொள்ளும் தடித்த வகை மட்டும். மெல்லிய வளையத்தை நடுவே சொருகி, நட் மூன்று சுற்றில் பிடித்துக்கொண்டு ஓடுவது வேண்டாம். நட்டிலும் கவனம்: டொயோட்டா போல்ட் 12x1.5, நிசான் 12x1.25. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், இம்பக்ட் கருவியால் அடித்தால் ஏறியும் விடும், திரும்பி வராது. ஹொண்டா ரிம்மின் நட் இருக்கை உருண்டை வடிவம், மற்றவற்றில் பெரும்பாலும் கூம்பு.

அளவுக் கணக்கு ஹைலக்ஸை வைத்துச் சொல்கிறேன். 185ஆர்14 ரயரின் முழு உயரம் சுமார் 650 மில்லிமீற்றர். 205/65ஆர்15 போட்டால் 648. 225/45ஆர்18 போட்டால் 660. மூன்றும் வேகமானிக்கு ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது ரயரின் பக்கச் சுவர்: 148 மில்லிமீற்றர் இருந்தது 15 இல் 133 ஆகும், 18 இல் 101 ஆகும். மூடி இல்லாத மான்ஹோலும், மழைநீருக்குள் மறைந்த குழியும் உள்ள ஊரில் அந்த 30 மில்லிமீற்றர் ரப்பர்தான் ரிம்முக்கும் றோட்டுக்கும் நடுவே நிற்கிறது. 15 க்கு ரயர் எந்தக் கடையிலும் கிடைக்கும், உள்நாட்டில் செய்வதும் உண்டு. அதற்கு எதிர்ப்பக்கமாய், பதிந்த தோற்றத்துக்காக 195/50ஆர்15 போடுவோரும் இருக்கிறார்கள். உயரம் 576 ஆகிவிடும். வண்டி 80 இல் போகும்போது வேகமானி 90 காட்டும், எஞ்சின் அந்த அளவுக்குக் கூடச் சுற்றும். கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் பழைய 1.6 எஞ்சினுக்கு அது தண்டனை.

சுமையையும் பாருங்கள். 195/65ஆர்15 கார் ரயரில் சுமை எண் 91 என்று இருந்தால் ஒன்று தாங்குவது 615 கிலோ. 185ஆர்14சி வான் ரயரில் 102 என்று இருக்கும், அது 850 கிலோ. பின்பெட்டியில் உண்மையில் பொருள் ஏற்றும் எண்ணம் இருந்தால் 15 அங்குலத்திலும் சி எழுத்துள்ள ரயரையே தேடுங்கள். ஓட்டம் கொஞ்சம் முரடாகும்.

அலோயா இரும்பா? பழைய கெப்புக்கு நல்ல நிறம் அடித்த இரும்பு ரிம்மும் சிறிய குரோம் தொப்பியும் போல எந்த அலோயும் பொருந்துவதில்லை என்பது என் ரசனை. வாதம் செய்ய வரவில்லை. இரும்பு நெளிந்தால் தட்டி எடுக்கலாம், அலோய் வெடித்தால் வெடித்ததுதான். அகலம் வேண்டுமென்று இரும்பு ரிம்மை வெட்டி நடுவே வளையம் ஒட்டுவதென்றால், லேத்தில் ஓட்டம் பார்த்து, காற்று கசிகிறதா என்று தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்துத் தருபவரிடம் மட்டும் கொடுங்கள். போல்ட் துளையை அடைத்து வேறு வட்டத்தில் துளைப்பதை எந்த ரிம்மிலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

புத்தகம், பொலிஸ், காப்புறுதி

எஞ்சின், நிறம், உடலமைப்பு ஆகியன மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்தவேண்டும். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைச் சான்றிதழும் காப்புறுதியும் வேண்டும். செசி இலக்கம் பொறித்த இடத்தின் பக்கம் வெட்டோ, ஒட்டோ, அரைப்போ எதுவும் ஆகாது. நிறம் அடிப்பவருக்கு அந்த இடத்தில் பட்டி தேய்க்கவேண்டாம் என்று எழுதியே கொடுங்கள். 2025 ஜனவரியில் க்ளீன் ஸ்ரீ லங்கா என்று தொடங்கியபோது பஸ், முச்சக்கரவண்டிகளின் மேலதிக அலங்காரங்களைப் பொலிசார் கழற்ற வைத்ததைப் பார்த்தோம். மட்காட்டுக்கு வெளியே நீட்டிய ரயர்தான் தூரத்திலிருந்தே கையைக் காட்டி மறிக்கவைக்கும். இரண்டு அங்குலப் பதிப்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. செய்த மாற்றங்களைக் காப்புறுதிக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கடிதத்தையும் வாங்கி வையுங்கள்.

ரிம் வாங்கும் நாளுக்கு முன்

வேலையின் ஒழுங்கு இப்படி வந்தால் பணம் வீணாகாது. துரு, புஷ், பிறேக், பட்டை, அதன் பிறகு அலைன்மென்ட். வண்டி அந்த உயரத்தில் சில வாரம் ஓடட்டும். புதிதாக வளைத்த பட்டை இன்னும் கொஞ்சம் உட்காரும், அதற்குமுன் எடுக்கும் எந்த அளவும் பொய்.

பிறகு தெரிந்தவரிடம் நீங்கள் எண்ணும் அளவில் ஒரேயொரு சில்லை இரவல் வாங்கி வந்து முன்னால் பூட்டுங்கள். ஸ்பிரிங்கின் பிடியைத் தளர்த்தி, கீழ்க்கையை ஜக்கால் ரப்பர் கட்டையில் முட்டும்வரை தூக்குங்கள். செசி ஸ்ராண்டில் நிற்கவேண்டும், ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகக்கூடாது. அந்த நிலையில் ஸ்ரியரிங்கை ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைவரை திருப்புங்கள். ரயருக்கும் மட்காட்டு விளிம்புக்கும், ரயருக்கும் மேல் கைக்கும் நடுவே ஒரு விரல் போகவேண்டும். பின்னாலும் இதேபோல, ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி. வளைவில் வண்டி சாயும்போது அச்சு சரிந்துதான் ஏறும். விரல் போகாவிட்டால் மட்காட்டு விளிம்பை மடிக்க முனையாமல், இரவல் சில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓர் அளவு சிறிதாகப் பாருங்கள்.